உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு செத்த காலேஜ்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் ஜவ்வாது மலைக்கு ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஜமுனாமரத்தூரில் கட்டலாம் என்று இடமும் சொல்லிவிட்டார். மலையாளிகளின் கருவிகளும் நகைகளும் வாத்தியங்களும் அழிந்துகொண்டிருக்கின்றன. அழியுமுன் சேகரித்து, வகை பிரித்து, கண்ணாடிக்குள் வைத்துவிட வேண்டும். கோடை விழாவுக்கு மலையேறி வருகிறவர்கள் பார்த்துப் பயன் பெறுவார்கள் என்பது அவர் வாதம். கட்டுரை முழுக்க நல்லெண்ணம் வழிகிறது. நல்லெண்ணத்தோடு மல்லுக்கு நிற்பது சங்கடமான காரியம். ஆனாலும் நிற்க வேண்டியிருக்கிறது. மலையைப் பற்றிய அந்தக் கட்டுரையில் மலைக்காரர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

நான் அருங்காட்சியகங்களின் எதிரி அல்ல. போகிற ஊரில் கோவிலுக்குப் போகிறேனோ இல்லையோ, மியூஸியம் இருந்தால் நுழைந்துவிடுகிற பைத்தியம் எனக்கு உண்டு. சின்ன மியூஸியமாக இருந்தால் இன்னும் விசேஷம். அந்தப் பைத்தியத்தின் உரிமையில்தான் பேசுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், சமவெளியில் ஒரு ஊரின் மியூஸியத்துக்கு, ஜவ்வாது மலையில் பிறந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பியோடு போனேன். வழக்கமான சாமான்கள். காசுகள், ஒரு பீரங்கிக் குண்டு, அடைத்த பறவைகள். மூலையில் ‘பழங்குடியினர்’. குடிசை முன் வில்லோடு ஒரு சுதை ஆண், இடுப்பில் கூடையோடு ஒரு சுதைப் பெண். இருவருக்கும் ஒரே மூக்கு. காலடியில் ஒரு திருகை, சுரைக்குடுவை, மரக் குந்தாணி. கீழே அட்டை: ‘பழங்குடி மக்கள் பயன்படுத்திய பொருட்கள்.’ எந்த மலை, எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒரு சொல் இல்லை. தம்பி குந்தாணியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: “எங்க அம்மா நேத்துகூட இதுமாதிரி குந்தாணியிலதான் சாமை குத்துனாங்க சார். இது யாரு வீட்டுதுன்னு எழுதலையே?” அங்கிருந்த சிப்பந்தியிடம் கேட்டோம். பதிவேடு ஆபீஸில் இருக்கிறது, ஆபீஸ் பூட்டியிருக்கிறது, கண்ணாடியைத் தொடாதீர்கள் என்றார்.

‘பயன்படுத்திய.’ இந்த இறந்தகாலப் பெயரெச்சத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. நேற்றுச் சாமை குத்திய ஒரு பெண்ணை, அவளைக் கேட்காமல், இலக்கணத்தின் ஒரு விகுதியால் நாம் காலமாக்கிவிடுகிறோம். சென்னைவாசிகள் மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும், மியூஸியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். நம் விமர்சகர்கள் யாரும் இத்தனை துல்லியமாக ஒரு ஸ்தாபனத்துக்குப் பெயரிட்டதில்லை. நண்பர் கேட்பது, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு செத்த காலேஜ்.

இதற்கு ஒரு பரம்பரை உண்டு. 1851இல் தொடங்கிய சென்னை மியூஸியத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதி வெளியிட்டவர். மலையாளிகளுக்கும் அதில் இடமுண்டு. அவர் அளவுகோலோடு ஊர் சுற்றினார். தலையின் நீளம், மூக்கின் அகலம். அளந்தவர் போய்விட்டார், அளந்த பார்வை மட்டும் பென்ஷன் வாங்காமல் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது. அந்த இரண்டு சுதை மூக்குகளும் அதன் சந்ததி. அரசாங்க அட்டவணையைப் பாருங்கள்: மலையாளிகள் இன்னின்ன மாவட்டங்களில் பழங்குடியினர் என்று சொல்லும் பட்டியலில் ‘வட ஆற்காடு’ இன்னும் இருக்கிறது. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு அந்தப் பெயரும் போயிற்று. இல்லாத மாவட்டம் பட்டியலில் உயிரோடிருக்கிறது. இருக்கிற மனிதர்கள் கண்ணாடிக்குள் இறந்தகாலத்தில் இருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு இடம் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெருமைக்காக அல்ல. அங்கேயும் சறுக்கல் இருக்கிறது. உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அமெரிக்காவின் நடு மேற்கில், அயோவா மாநிலத்துச் சிற்றூர்களின் சரித்திர மியூஸியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். பழைய பள்ளிக்கூடமோ ரயில் நிலையமோதான் கட்டிடம். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் திறந்திருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வெண்ணெய் கடையும் மத்து, தையல் மிஷின், கல்யாண கவுன், யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத பையனின் சட்டை. கலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் இன்னார் குடும்பம் கொடுத்தது, இன்ன பண்ணையில் இருந்தது என்று பெயர் இருக்கிறது. கொடுத்தவரின் பேரன் வந்து, ‘இது எங்கள் பாட்டியுடையது’ என்று காட்டிவிட்டுப் போகிறான். ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது.

அதே மியூஸியத்தின் இழுப்பறையில் அம்பு முனைகள் கிடக்கின்றன. உழும்போது வயலில் கிடைத்தவை என்று அட்டை. கண்டெடுத்த விவசாயிக்குப் பெயர் இருக்கிறது. எய்தவனின் இனத்துக்குப் பெயர் இல்லை. மாநிலத்தின் பெயரே ஒரு பூர்வகுடியின் பெயர் என்பதை அந்த ஆசிரியைக்கு நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நல்ல பெண்மணி, சிரித்துக்கொண்டாள். ஆனால் அதே அயோவாவில் மெஸ்க்வாக்கி மக்கள், விரட்டப்பட்ட பிறகு, 1857இல் சொந்தப் பணத்தில் 80 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கித் திரும்பி வந்து டாமா என்ற ஊர்ப்பக்கம் குடியேறினார்கள். இன்று அங்கே அவர்கள் நடத்தும் மியூஸியம் இருக்கிறது. அவர்கள் சரித்திரம் அவர்கள் வாயால். பூர்வகுடிகளின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டில் 1990இல் சட்டம் வந்தது. 2024 ஜனவரியில், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதமில்லாமல் காட்சிக்கு வைக்கக்கூடாது என்று விதி இறுகியபோது, சிகாகோவின் பெரிய ஃபீல்ட் மியூஸியம்கூடத் தன் கண்ணாடிப் பெட்டிகள் சிலவற்றைத் துணி போட்டு மூடியது. நம் ஊரில் எந்தப் பெட்டிக்காவது துணி போட வேண்டுமென்று யாருக்கேனும் தோன்றியதுண்டா?

இது மேற்கத்திய சரக்கு, நம் மரபு வேறு என்று நண்பர் சொல்லலாம். சரி, நம் மரபுக்கே வருகிறேன். ஜவ்வாதின் தெற்கு அடிவாரம் செங்கம் வட்டாரம். அங்கே நடுகற்களைத் தேடிப் படித்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972இல் புத்தகமாக்கியது தமிழகத் தொல்லியல் துறை. அது மகத்தான காரியம். அதைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கற்களில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மனின் 34வது ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவகத்தி என்ற இளைஞனுக்கு எடுத்தது. அவனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயையும் செதுக்கி, அதற்குத் தனியே எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் உளி பிடித்த ஒருவன் மாடு மேய்த்தவனின் பெயரையும் அவன் நாயின் பெயரையும் எழுதினான். அச்சு இயந்திரமும் கணிப்பொறியும் வைத்திருக்கிற நம்மால் ஒரு குந்தாணிக்காரியின் பெயரை எழுத முடியவில்லை. எது மரபு?

இந்தக் கற்களில் பல இன்றும் வேடியப்பனாகப் பூஜை வாங்குகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மங்குகிறது என்று ஆய்வாளர் கவலைப்படுவது நியாயம்தான்; நானும் மங்கிய எழுத்தின் முன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் கல்லைப் பெயர்த்து ஹாலுக்குக் கொண்டுபோனால் எழுத்து பிழைக்கும், வேடியப்பன் சாவான். இந்த இழப்பைக் கணக்கிலேயே எழுதாமல் ‘பாதுகாத்தோம்’ என்று சொல்வதுதான் எனக்கு எரிச்சல். மலைமேல் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பெருங்கற்கால வீடுகளும் இருக்கின்றன. வாலியர் வீடு என்று எனக்குக் காட்டிய பெரியவர், குள்ளமான அந்த ஜனங்கள் நெருப்பு மழைக்குப் பயந்து கட்டியது என்றார். ஈமச் சின்னம், வீடல்ல என்று நான் ஆரம்பித்தேன். “செத்தவங்களுக்கும் வீடு வேணுமில்லீங்களா” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நண்பர் கட்டப்போகிற ஹாலில் என் வாக்கியம் பலகையில் ஏறும். அவர் வாக்கியம் ஏறாது.

(அடைப்புக்குறிக்குள் ஒன்று: நம் புதுக்கவிதைகள் சிலவும் இப்படிப்பட்ட ஹால்கள்தான். திருகை, உரல், பாட்டியின் சுருக்குப்பை. எல்லாம் கண்ணாடிக்குள், எல்லாம் இறந்தகாலத்தில். இதைப் பிறகு தனியாக எழுத வேண்டும்.)

இனி, நண்பரின் பட்டியலில் இல்லாதவை. ஜவ்வாது என்றால் சந்தனம். சந்தனம் என்றால் வனத்துறை, திருப்பத்தூர்க் கிடங்கு, ஏலம், வழக்கு. 1882 சென்னை வனச் சட்டத்திலிருந்து 2006 வன உரிமைச் சட்டம் வரை இந்த மலையின் சரித்திரம், காடு யாருடையது என்ற ஒரே கேள்வியின் சரித்திரம். அதற்கு ஒரு அலமாரி உண்டா? அபராத ரசீது, சம்மன், பட்டா கேட்டுக் கொடுத்த மனுவின் நகல் இவையெல்லாம் சுரைக்குடுவையைவிட எந்த விதத்தில் குறைந்த தொல்பொருள்? 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். இந்த மலைக்காரர்களும் அதில் உண்டு. வில்லோடு நிற்கும் சுதை மனிதனுக்குப் பக்கத்தில் அந்த இருபது பெயர்களையும் எழுதுவாரா நண்பர்? எழுத மாட்டார்கள். எழுதினால் கோடை விழாக்காரர்களின் குழந்தைகள் பயந்துவிடும். நடுகல் எடுத்த ஜனங்களின் வாரிசுகளிடம் நாம் கேட்பது, வில்லைக் கொடு, குந்தாணியைக் கொடு, சாவை மட்டும் நீயே வைத்துக்கொள் என்பது.

பொருள்கள் அழிகின்றன என்ற நண்பரின் கவலையை நான் மறுக்கவில்லை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மலையேறி வெகு நாளாயிற்று; பழைய சாமான் வியாபாரியும் ஏறியாயிற்று. அதனால் ஒரு அறை வேண்டும் என்றால் இருக்கட்டும். சாவி மலைக்காரரிடம் இருக்கட்டும். எந்தப் பொருளையும் கொடுத்தவர் பெயரும் ஊரும் எழுதாமல் வாங்கக்கூடாது. பண்டிகைக்கு வேண்டுமென்றால் மேளத்தை எடுத்துப்போய் அடித்துவிட்டுத் திரும்ப வைக்கட்டும். கிழிந்தால் கிழியட்டும், தோல் மாற்றத் தெரிந்தவர்கள்தானே. இதற்கு அரசாங்க விதி இடம் கொடுக்காது என்றால் மியூஸியம் வேண்டாம்.

போன மாதம் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். மியூஸியம் வந்தால் இந்தக் குந்தாணியைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். “குடுத்துட்டு எதுல குத்தறதுங்க? மிஷினு கரண்டு இருந்தாத்தான் ஓடுது” என்றார். கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, “வேணும்னு கேட்டா திருப்பித் தருவாங்களா?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பர் அடுத்த இதழில் எழுதட்டும்.