பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்கு வாந்தி, பேதி. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்கிறார்கள். சரியா?
– வாசகி, திருநள்ளாறு

பதில்: நெல் கேள்விகள் காத்திருக்கட்டும், இதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு அம்மா. உடம்பிலிருந்து போவது நீரும் உப்பும். அதை நிறுத்தினால்தான் ஆபத்து. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்ததும் பள்ளிகளை மூடியதும் மறந்திருக்காது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், உறையில் போட்டிருக்கிற அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர். கண்ணளவு வேண்டாம், தெளிப்பு மருந்துக்கு அளவு பார்க்கிற கைதானே! நீர் குறைந்தால் உப்பு கூடிக் கெடுதல். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பால், கஞ்சி, குழைந்த சோறு தொடரட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கேளுங்கள். இந்த வயதுக்கு தினம் 20 மி.கி., 14 நாள். பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். வயலுக்குப் போடும் சிங்க் சல்பேட் வேறு, அதைத் தொடாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையும் கடையில் வாங்க வேண்டாம்.

கண் குழிந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், சிறுநீர் குறைந்தால், துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், குடித்ததெல்லாம் வாந்தியானால் விடியும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வழியிலும் கரண்டி நிற்க வேண்டாம்.