பெரணி புல்லுருவி அன்று

நம் கேரித் தீவின் செம்பனை நிரைகளுக்கிடையே நடந்து செல்வோர் கண்ணில் முதலில் படுவது குலையன்று; அடிமுதல் முடிவரை மரத்தைப் போர்த்தி நிற்கும் பெரணிச் செடிகளின் பசுமையே ஆகும்.

சில நாள்களுக்கு முன்னர், மாணவர் சிலர் பள்ளியருகே நின்ற செம்பனை ஒன்றிலிருந்த பெரணிகளைக் கோலால் பிய்த்தெறிந்து கொண்டிருந்தனர். காரணம் வினவினேன். "இது புல்லுருவி, ஐயா! மரத்தின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். நாங்கள் மரத்தைக் காப்பாற்றுகிறோம்" என்றனர். அவர்தம் நல்லெண்ணம் பாராட்டத்தக்கது. ஆயினும், அவர்கள் கொண்ட கருத்துப் பிழையானது. பெரியோர் பலரிடத்தும் இப்பிழை காணப்படுவதால் இதனை எழுதலானேன்.

புல்லுருவி என்பது யாது? மரத்தின் கிளைக்குள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்தி, அம்மரம் சேர்த்த நீரையும் உப்பையும் கவர்ந்து வாழும் செடியே புல்லுருவி. பெரணியோ அத்தகையதன்று. அதன் வேர்கள் மரத்தின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்கின்றனவேயன்றி உள்ளே நுழைவதில்லை. மழைநீரும், மட்டைகளின் இடுக்கில் மக்கிக் கிடக்கும் சருகும் தூசியுமே அதற்குப் போதும். தனக்கு வேண்டிய உணவைத் தன் பச்சை இலைகளில் கதிரவன் ஒளியால் தானே ஆக்கிக்கொள்கிறது. இத்தகைய செடியைத் தொற்றுச்செடி என்பர். அது மரத்திடம் கேட்பது இடம் மட்டுமே.

செம்பனை இம்மண்ணுக்குரிய மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, 1917ஆம் ஆண்டில் நம் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்குடன் பயிரிடப்பட்டது. மட்டையை வெட்டிய பின்னும் அதன் அடிப்பகுதி பல ஆண்டுகள் மரத்திலேயே தங்கிவிடும். அவ்விடுக்குகளில் ஈரமும் சருகும் சேரும். பெரணிக்குப் பூவுமில்லை, விதையுமில்லை. இலையின் அடியில் தோன்றும் நுண்ணிய வித்துத்துகள்களைக் காற்று சுமந்துவந்து அங்கே சேர்க்கிறது. காட்டு மரங்களில் வாழ்ந்த பெரணிகள், காடு தோட்டமான பின்னர் வந்தேறிய மரத்தில் குடிபுகுந்த வரலாறு இதுவே.

பறவைக்கூடு போன்ற வடிவுடைய பெரணி ஒன்று உண்டு. அதில் லங்சுயிர் என்னும் பெண்பேய் தங்குவதாக மலாய் மக்கள் முற்காலத்தில் நம்பினர். ஆய்வாளர்கள் அங்கே கண்டது பேயையன்று. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் நிகழ்ந்து, 2004இல் வெளியான ஆய்வு, அப்பெரணி 200 கிலோ எடைவரை வளர்வதாகக் கூறுகிறது. பெரிய செடி ஒன்றில் வாழும் சிற்றுயிர்களின் மொத்த எடை, மரமுடியின் ஏனைய பகுதிகளில் வாழ்வனவற்றின் எடைக்கு ஈடாகக்கூடும் என்றும் அது காட்டிற்று.

"அறிவியல் இருக்கட்டும், விளைச்சல் குறையாதா?" எனத் தோட்டத்தார் கேட்கலாம். செம்பனைத் தோட்டங்களில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, தொற்றுச்செடிகளை அகற்றுவதால் விளைச்சலில் மாற்றமில்லை என்கிறது. செம்பனையைச் சாய்க்கும் அடித்தண்டு அழுகல் நோயும் கனோடெர்மா என்னும் காளானால் வருவதேயன்றிப் பெரணியால் வருவதன்று.

குலை வெட்டுவோரின் இடர்ப்பாட்டையும் நான் மறுக்கவில்லை. பழுத்து உதிர்ந்த பழங்கள் பெரணிக்குள் மறைந்துவிடும். குலைக்கருகே தூய்மை செய்வது தேவையே. மரத்தை நெரிக்கும் அத்தியினச் செடிகளை முளையிலேயே களைவதும் நன்றே. ஆனால், இடையூறு செய்யாத பெரணியையும் சேர்த்தழிப்பது முறையாகாது.

சிற்றுயிர்களின் பயன் நமக்கு உடனே விளங்குவதில்லை. ஒரு காலத்தில் நம் தாய்மார்கள் மகரந்தத் தூளைக் கையாலேயே செம்பனைப் பூக்களுக்கு இட்டுவந்தனர். 1981ஆம் ஆண்டு கேமரூன் நாட்டிலிருந்து கொணரப்பட்ட ஒரு சிறு வண்டு அப்பணியை ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவ்வண்டு இவ்வளவு பெரும்பணி ஆற்றுமாயின், பெரணியிலும் அதனுள் வாழும் உயிர்களிலும் என்ன பயன் உறைந்துள்ளதோ! அறியுமுன் அழித்தல் அறிவுடைமையாகுமா?

படர வழியின்றி நின்ற முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி என்று படிக்கிறோம். மேடையேறிப் பேசிப் பரிசும் பெறுகிறோம். நம்மிடம் தேர் இல்லை. பெரணி அதனைக் கேட்கவுமில்லை. அதற்கு இடங்கொடுத்த மரமே குறை கூறாதபோது, கோலெடுத்து நாம் ஏன் செல்ல வேண்டும்?

மாணவச் செல்வங்களே! ஒன்றைத் தீயதென்று தள்ளுமுன் அருகில் சென்று பாருங்கள், கேளுங்கள், படியுங்கள். செடிக்கு மட்டுமன்று, மனிதர்க்கும் இந்நெறி பொருந்தும். அன்று கோலெடுத்த மாணவர்கள் இன்று அம்மரத்துப் பெரணியில் புதிதாய்ச் சுருள் அவிழும் தளிர்களை எண்ணிக் குறித்து வருகின்றனர். அதுவே மெய்யான கல்வி என்பது என் துணிபு.