பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நம் மனைகளும்: கூட்டமைப்பின் நிலைப்பாடு

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அன்று முதல் நம் கூட்டமைப்பின் உறுப்புச் சங்கங்களிலிருந்து வரும் கடிதங்கள் இரண்டு வகையாக இருக்கின்றன. "கடன் வாங்கிவிட்டு நிற்கிறோம், தடையை நீக்கச் சொல்லுங்கள்" என்பவை ஒரு வகை. "இனி ஒரு லாரி மண்கூட இங்கே இறங்கக் கூடாது, தடையை நிரந்தரமாக்கச் சொல்லுங்கள்" என்பவை இன்னொரு வகை. இரண்டையும் எழுதியவர்கள் நம்மவர்களே. சிலர் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். கூட்டமைப்பு ஏன் வாய் திறக்கவில்லை என்று இரு தரப்பும் கேட்டுவிட்டார்கள். செயற்குழு நீண்ட நேரம் விவாதித்து, பெரும்பான்மைக் கருத்தாக இந்த அறிக்கையை வெளியிடுகிறது. உடன்படாதவர்களின் கருத்தும் ஆங்காங்கே பதிவாகியிருக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. யார் வீட்டுச் சுவரில் தண்ணீர் எந்த உயரத்தில் கோடு போட்டுவிட்டுப் போனது என்பது அவரவருக்குத் தெரியும்.

முதலில் நிலைப்பாடு. தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவைக் கூட்டமைப்பு எதிர்க்கவில்லை. சதுப்பு நிலத்தின் எல்லையும், அதைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியான செல்வாக்கு மண்டலமும் களத்தில் அளந்து உறுதிசெய்யப்படும் வரை உத்தரவு தொடர்வதே சரி என்று கருதுகிறோம். ஒரு கிலோமீட்டர் என்ற அளவே இறுதி அளவாக இருக்க வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. சில இடங்களில் அது அதிகம் என்று சிலரும், தண்ணீர் வரும் வழியைப் பார்த்தால் பல இடங்களில் அது போதாது என்று சிலரும் வாதிட்டார்கள். அறிவியல்பூர்வமான அளவீடு எதைச் சொல்கிறதோ அதை ஏற்பது என்ற அளவில் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த அளவீடு எப்போது முடியும் என்று யாரும் சொல்லாமல், குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பதைக் கூட்டமைப்பு ஏற்காது.

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

உறுப்பினர் ஒருவர் தம் மனைக் கோப்பைச் செயற்குழுக் கூட்டத்துக்கே கொண்டுவந்தார். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. பணி ஓய்வின்போது வந்த பணத்தில் வாங்கியது. கோப்பில் பட்டா இருக்கிறது, புல வரைபடம் இருக்கிறது, முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று இருக்கிறது, பதிவுசெய்த கிரயப் பத்திரம் இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு கொண்டுவந்த திட்டத்தில் கட்டணம் செலுத்திப் பெற்ற ஆணை இருக்கிறது. வீட்டுக் கடனுக்காக வங்கி வழக்கறிஞர் எழுதிய சட்டக் கருத்தும் இருக்கிறது. எல்லாவற்றிலும் முத்திரை, எல்லாவற்றிலும் கையெழுத்து. இந்த நிலம் சதுப்பு நிலத்தோடு தொடர்புடையது என்று ஒரு தாளில்கூட ஒரு வரி இல்லை.

இது அவருடைய கவனக்குறைவு அல்ல. பட்டா நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். புல வரைபடம் அளவைச் சொல்லும். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களையும் அடமானங்களையும் சொல்லும். அந்த நிலத்தின் மேல் மழைக்காலத்தில் எந்த ஏரியின் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்ல நம் பதிவு முறையில் ஒரு கட்டம்கூட இல்லை. மனை வாங்கும் சாதாரண மனிதர் அரசின் தாள்களைப் பார்க்கலாம். செயற்கைக்கோள் படம் வாங்கி ஆராய முடியாது.

அரசுக்கு அந்த நிலைமை இல்லை. பள்ளிக்கரணை 2022 ஏப்ரல் முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். பரப்பு 1,247.5 ஹெக்டேர். அதில் வனத்துறை வசம் உள்ள காப்பு நிலம் சுமார் 700 ஹெக்டேர். மீதி அதற்கு வெளியே இருக்கிறது. உலக அரங்குக்கு எல்லை வரைந்த வரைபடம் அனுப்பி அங்கீகாரம் வாங்கியவர்களுக்கு, அந்த எல்லைக்குள் எந்தெந்தச் சர்வே எண்கள் விழுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போயிருக்க வேண்டும். ராம்சார் தலங்களின் எல்லையைக் களத்தில் அளந்து முடிக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு மூன்று மாதக் கெடு கொடுத்தது. அந்தக் கெடு காப்பாற்றப்பட்டிருந்தால், 2025 செப்டம்பரில் தீர்ப்பாயம் பொதுவாக ஒரு கிலோமீட்டர் கோடு போட வேண்டிய அவசியமே வந்திருக்காது. எந்தத் துறை, எந்த அதிகாரி என்று பெயர் குறிப்பிட வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு, அதற்குக் கட்டுப்படுகிறோம். ஆனால் ராம்சார் அங்கீகாரத்துக்குப் பின்னான மூன்று ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிய கை எச்சரிக்கை செய்ய மட்டும் நீளவில்லை. இதை நிர்வாகத் தாமதம் என்று மென்மையாக எழுத வேண்டும் என்ற ஆலோசனை வந்தது. நாங்கள் ஏற்கவில்லை. மக்களின் வாழ்நாள் சேமிப்பு கண்ணெதிரே சிக்கிக்கொள்ளும்போது பார்த்துக்கொண்டிருந்ததற்குத் தாமதம் என்று பெயர் கிடையாது.

பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் தொடர்பான வழக்கு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதால், அதன் தகுதிகளுக்குள் இப்போது போகவில்லை. பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்தில் அருகிலுள்ள நீர்நிலைகளைக் காட்ட வேண்டும். அதை நிபுணர் குழு பரிசீலிக்க வேண்டும். இத்தனை கண்கள் பார்க்கும் பெரிய திட்டத்துக்கே சதுப்பு நிலம் தென்படாமல் போகலாம் என்றால், அரை கிரவுண்டுக்காரர் அதைத் தாமாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்?

ஆகவே கூட்டமைப்பின் கோரிக்கை இது. 1,247.5 ஹெக்டேருக்குள் வரும் நிலங்களும் செல்வாக்கு மண்டலத்தில் வரும் நிலங்களும், சர்வே எண், உட்பிரிவு எண் வாரியாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். அந்தந்தக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் மண்டல அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க நியாயமான அவகாசம் தர வேண்டும். முடிவான பட்டியல் பத்திரப்பதிவு இணையதளத்தில் ஏற்றப்பட்டு, வில்லங்கச் சான்று கேட்பவர் கண்ணில் படும்படி அதிலேயே குறிப்பாக வர வேண்டும். தயாராகி வரும் சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்திலும் அதே எல்லை இருக்க வேண்டும். முழுமைத் திட்டத்தில் ஒரு கோடு, வனத்துறையிடம் ஒரு கோடு, ராம்சார் வரைபடத்தில் ஒரு கோடு என்று இனி இருக்கக் கூடாது.

இனி நம் உறுப்பினர்களில் ஒரு பகுதியினருக்குக் கசப்பான செய்தி. சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து 1978-இல் நீக்கப்பட்டாலும், சட்டத்தின் வழியன்றி யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு. அந்தப் பாதுகாப்பை நாம் விடப்போவதில்லை. ஆனால் என் மனையில் நான் எதையும் செய்வேன் என்பதற்கு அது உரிமம் அல்ல. சதுப்பு ஓரத்தில் ஒருவர் ஆளுயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் மாயமாவதில்லை. பக்கத்துத் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் தாழ்வாகக் கட்டிய வீட்டுக்குள் நுழைகிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து சதுப்புக்கும் தண்ணீர் வருகிறது. தென் சென்னையின் பல ஏரிகளுக்கு இதே வடிகால்தான். சதுப்பிலிருந்து வெளியேற ஒக்கியம் மடுவு ஒன்றுதான் முக்கிய வழி. அது பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு வரை போய்க் கடலைப் பிடிக்க வேண்டும். கடலில் அலை ஏறியிருக்கும் நேரத்தில் அந்த வழியும் மந்தமாகிவிடும். அப்போது தண்ணீர் காத்திருக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் மனை போட்டு விற்றுவிட்டார்கள். மேடாக்கியவரின் சொத்துரிமையும் மூழ்கியவரின் சொத்துரிமையும் மோதும்போது, கூட்டமைப்பு மூழ்கியவர் பக்கம். இதில் செயற்குழுவில் இருவர் மாறுபட்டார்கள்.

ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இந்த அளவுக்குச் சுருங்கியதற்குத் தனியார் மட்டும் காரணமல்ல. நடுவே குப்பை கொட்டியது மாநகராட்சி. குறுக்கே துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையைப் போட்டது அரசு. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலைக்குமான மத்திய நிறுவனங்கள் எழுந்ததும் இதே சதுப்பில்தான். கூவம் கரையிலும் பிற இடங்களிலும் குடிசைகளை அகற்றி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, மக்களைக் கொண்டுவந்து இறக்கியது பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும். ஒவ்வொரு பெருமழையிலும் அந்த மக்கள் என்ன படுகிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர்களை மறுபடியும் பெயர்த்து எறிய இந்த உத்தரவை ஒரு சாக்காகப் பயன்படுத்தக் கூடாது. எல்லைக்குள் அரசுத் திட்டங்களுக்கு விலக்கு என்ற பேச்சே வரக் கூடாது.

இழப்பீடு பற்றி: அனுமதியோடும் ஆவணங்களோடும் வாங்கி, இனிக் கட்ட முடியாது என்று முடிவாகும் சிறு மனைக்காரர்களுக்கு அரசு முழு இழப்பீடு தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பணமாகவோ, மாற்று மனையாகவோ, வேறிடத்தில் பயன்படுத்தத்தக்க வளர்ச்சி உரிமை மாற்றுச் சான்றாகவோ அது இருக்கலாம். வழிகாட்டி மதிப்பை மட்டும் கணக்கிட்டுக் கையைக் கழுவுவது இழப்பீடாகாது. இருபது ஏக்கர், முப்பது ஏக்கர் என்று வாங்கிப்போட்ட நிறுவனங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களிடம் வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் ஆலோசகர்களும் இருந்தார்கள். தெரியாமல் வாங்கினோம் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லை. சிறு மனைக்கு வரம்பு எது என்பதை உறுப்புச் சங்கங்களோடு பேசி, கூடுமான வரை விரைவில் முடிவுசெய்வோம். ஏற்கெனவே குடியிருக்கும் வீடுகளில் பழுது பார்ப்பதும், எல்லைக்கு வெளியே செல்வாக்கு மண்டலத்தில் மட்டும் வரும் வீடுகளில் அடித்தளப் பரப்பைக் கூட்டாமல் மாடி எழுப்புவதும் தடைக்குள் வர வேண்டியதில்லை என்று கருதுகிறோம். இதைத் தீர்ப்பாயத்தின் முன் முறைப்படி வைப்போம்.

பறவைகளுக்காகவும் இந்தச் சதுப்பு காக்கப்பட வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கை அகற்றும் பணி முழுமை பெற வேண்டும். மீட்ட நிலம் சதுப்பாகவே திரும்ப வேண்டும். பூங்கா, வளாகம் என்று வேறு எதுவாகவும் மாறக் கூடாது.

உறுப்பினர்களுக்கு: இந்த ஒரு கிலோமீட்டருக்குள், எல்லை அறிவிக்கப்படும் வரை, விலை குறைவாகக் கிடைக்கிறது என்று புதிதாக மனையோ, கட்டுமானத்தில் உள்ள அடுக்குமாடி வீடோ வாங்காதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மனை வைத்திருப்பவர்கள், தங்கள் சர்வே எண் ராம்சார் எல்லைக்குள் வருகிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வனத்துறையிடமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். மனுவின் நகலையும், பதில் வந்தால் அதன் நகலையும் உங்கள் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கான படிவத்தை நிரப்பித் தரக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஞாயிறுதோறும் ஆள் இருப்பார்கள்.