அப்பாவை உட்கார வைக்காதீர்கள்!

சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் அப்பாவிடம் பேசும் முதல் டயலாக் எது தெரியுமா? “நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்!”

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. பால் பாக்கெட் வாங்க நீங்கள் பைக்கில் பறக்கிறீர்கள். கரண்ட் பில்லை செல்போனிலேயே கட்டியாகிறது. அப்பாவுக்கு மிச்சம் ஈஸிசேரும் ரிமோட்டும்தான். பாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடைச் சதைக்குப் பாசம் புரியாது சார். வேலை கொடுக்காவிட்டால் இளைத்துவிடும். சதை இளைத்தால் கால் தடுமாறும்.

தடுமாறினால்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்தே சாகிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம். அதில் 60 வயது தாண்டியவர்கள்தான் அதிகம்.

என் மாமாவுக்கு வயது 74. “ஏன் மாமா, வாக்கிங் போறதில்லையா?” என்றேன்.

“விழுந்துட்டா என்னடா பண்றது?”

“போகாம இருந்தாத்தான் மாமா விழுவீங்க!”

முறைத்தார். ஆனால் விஷயம் அதுதான். பயத்தில் உட்கார்ந்தால் கால் பலம் போகும். பலம் போனால் பயம் இன்னும் கூடும். செக்குமாடு கதை.

நியூஸிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதற்கு ஒரு பயிற்சி உருவாக்கினார்கள். ஜிம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். பிடிமானத்துக்குப் பக்கத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலின் குதியை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, கூடவே கொஞ்சம் வாக்கிங். இவ்வளவுதான். செய்த பெரியவர்கள் விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதே ரகம்தான்: 65 தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது பேலன்ஸுக்கும் பலத்துக்கும் பயிற்சி வேண்டும். இதய நோய், மூட்டு வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும்.

உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி உண்டு. பாத்ரூம் சுவரில் ஸ்ட்ராங்காக ஒரு கைப்பிடி போடுங்கள். (டவல் கம்பியை நம்பாதீர்கள், அதுவும் சேர்ந்து விழும்!) படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரியில் ஒரு சின்ன பல்ப் எரியட்டும். வழுக்கும் கால்மிதியையும் தேய்ந்துபோன ஹவாய் செருப்பையும் தூக்கிப் போடுங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றுகிறதா என்று விசாரித்து, டாக்டரிடம் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து விருட்டென்று எழாமல், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

கைப்பிடி போட்டாயிற்று, லைட்டும் போட்டாயிற்று என்று திரும்ப அவரை ஈஸிசேருக்கு அனுப்பிவிடாதீர்கள். நாளைக் காலை பைக் சாவியைத் தொடாமல், “வாங்கப்பா, நடந்தே போய் பால் வாங்கிட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள்.

தெருமுனையில் யாருக்கு முதலில் மூச்சு வாங்கியது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்!