எட்டரை மணி பஸ்

எங்கள் தவளக்குப்பத்தில் வடக்கே பஸ் ஏறினால் புதுச்சேரி, தெற்கே ஏறினால் கடலூர். அப்பா தெற்கு பஸ், எதிர்வீட்டு மாமா வடக்கு பஸ். ரெண்டு பேருமே அரசாங்க குமாஸ்தா, ஒரே வயசு.

2018-ல் 58 முடிந்து அப்பாவுக்கு மாலை, சால்வை. மாமாவுக்கு மத்திய அரசு விதி; 1998-லேயே 60 ஆகிவிட்டது! தமிழ்நாடு 2020-ல்தான் 59 ஆக்கியது, 2021-ல் 60.

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலை எட்டரைக்கு சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா.

பதில் இல்லை.

ரிட்டயராகும் தேதியை ஜி.ஓ. போட்டுச் சொல்லிடுவாங்க சார். மறுநாள் காலை எங்கே போறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். அதுவும் இப்பவே!