முட்டைக்கோஸின் பக்குவம்

ஒரு காய் வருஷம் முழுவதும் கடையில் கிடைக்கிறது. பெரும்பாலான நாள்களில் ஏழை வீட்டுக்கும் எட்டுகிற விலையில் இருக்கிறது. ஒன்று வாங்கினால் சிறிய குடும்பத்துக்கு இரண்டு வேளைக்குக் காணும். இவ்வளவு இருந்தும் அது இலையில் விழும்போது பலர் முகம் சுளிக்கிறார்கள் என்றால், தோஷம் காயினிடத்தில் இருக்கிறதா, அல்லது அதைப் பாகம் செய்கிற நம்மிடத்தில் இருக்கிறதா என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நியாயம். முட்டைக்கோஸைத்தான் சொல்கிறேன். விடுதிகளிலும், அவசரமாக அடுப்பை மூட்டி அணைக்கிற வீடுகளிலும், குழைந்து, நிறம் வெளிறி, வெந்நீர் நாற்றத்தோடு பரிமாறப்படுகிற அந்தப் பதார்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோஸின் குணத்தைத் தீர்மானித்துவிடுவது, அந்தக் காய்க்கு நாம் நெடுங்காலமாக இழைத்து வரும் அநீதி.

இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு என்பது என் எண்ணம். வாழைக்காயும் கத்தரிக்காயும் புடலங்காயும் பல தலைமுறைகளாக நம் பாட்டிமார் கையில் பழகியவை. எதை எண்ணெயில் வதக்குவது, எதைப் புளியில் வேகவிடுவது, எதற்குத் தேங்காய் அரைப்பது, எதற்கு மிளகு பொடிப்பது என்ற நியதிகள் அவற்றுக்கு என்றோ வகுக்கப்பட்டுவிட்டன. கோஸோ பிந்தி வந்தது. 1819-ஆம் ஆண்டில் நீலகிரி மலைமேல் ஏறிச்சென்ற கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார் என்பது யாவரும் அறிந்தது. பிறகு அவை மலையிலிருந்து இறங்கி நம் சந்தைகளை நிரப்பியபோதும், சீமைக்காய் என்ற காரணத்தால் சிராத்தச் சமையலிலும் பல கோயில் மடைப்பள்ளிகளிலும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சம்பிரதாயத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் நுணுக்கமாகச் சமைக்கிற கைகள் மிகுந்த சிரத்தையோடு இயங்குகிற அந்த இடங்களில் பழகாமல் போனதால், கோஸுக்கு என்று ஒரு பக்குவம் நம்மவர் மனத்தில் உறுதிப்படாமலே போய்விட்டது. பூசணியை வேகவைப்பதுபோல அதையும் தண்ணீர் விட்டு வேகவைத்தார்கள். பிரஷர் குக்கர் வந்த பிறகு சீர்கேடு பூரணமாயிற்று.

கோஸின் நாற்றம் என்று நாம் வெறுப்பது பச்சைக் கோஸில் இல்லை; அடுப்பில்தான் அது பிறக்கிறது. கடுகும் கோஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுகைப் போலவே இதிலும் கந்தகம் கலந்த சில சத்துகள் இலையின் உள்ளே அடங்கியிருக்கின்றன. கத்தி படும்போது அவை லேசான காரமாக வெளிப்படுகின்றன. கொதிநீரில் நெடுநேரம் கிடக்கும்போதோ அவை சிதைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாயுவாக மாறுகின்றன. கொதிக்கிற கோஸில் ஐந்தாம் நிமிஷத்துக்கும் ஏழாம் நிமிஷத்துக்கும் இடையில் அந்த வாயு இரு மடங்காகப் பெருகுகிறது என்று சமையல் ரசாயனம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இந்தக் காயின் கீர்த்தியும் அபகீர்த்தியும் இரண்டு நிமிஷத்தில் தீர்மானமாகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. கோஸில் கணிசமாக உள்ள வைட்டமின் ‘சி’ சத்தும் வேகவைத்த நீரோடு கலந்து, சாக்கடைக்குப் போய்விடுகிறது.

நல்ல பொரியல் எப்படி அமைகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். கோஸை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை ஒதுக்கி, கீற்றுக் கீற்றாகக் கூடியவரை மெல்லியதாக அரிந்துகொள்ள வேண்டும். கனமாக அரிந்தால் வெளிப்புறம் குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும். அகன்ற இரும்பு வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்து, கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு பொன்னிறமாகி, மிளகாயும் கறிவேப்பிலையும் மணம் எழுப்பிய அந்தக் கணத்தில் கோஸைக் கொட்டி உப்பைத் தூவினால், தண்ணீர் ஊற்றவே வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராலேயே ஆன இந்தக் காய், உப்புப் பட்டவுடன் தன் ஈரத்தைத் தானே வெளியிட்டு, அந்த ஆவியிலேயே வெந்துவிடும். மூடி வைப்பது கூடாது. இரண்டு மூன்று தரம் புரட்டிக் கொடுத்து, இழைகள் துவண்டும் துவளாமலும், கண்ணாடிபோல் பளபளத்தும், வாயிலிட்டால் ‘நறுக்’கென்றும் இருக்கிற பதத்தில் இறக்கி, அதன் பிறகே துருவிய தேங்காயைச் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்த பொரியலில் கோஸின் இயல்பான இனிப்பு நாவுக்குத் தெரியும். ரசம் சாதத்துக்கு அதைக் காட்டிலும் இசைந்த துணையை நான் அறியேன்.

கூட்டு செய்கிறவர்கள் பயத்தம்பருப்பையும் கோஸையும் ஒன்றாகக் குக்கரில் வைத்துவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது. பருப்பைத் தனியே மலர வேகவைத்துக்கொண்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதோடு அது கொதிக்கும்போது கோஸைப் போட்டு, சில நிமிஷங்களில் இறக்கித் தேங்காயெண்ணெயில் தாளித்தால், அதே கூட்டுக்கு வேறொரு உயிர் வந்துவிடுகிறது. கொத்தவரங்காய்க்கும் வாழைப்பூவுக்கும் செய்கிற பருப்பு உசிலியைக் கோஸுக்கும் செய்யலாம். ஆவியில் வேகவைத்து உதிர்த்த பருப்பு, காயின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மொறுமொறுப்போடு நிற்பது இதற்கு மிகவும் பொருந்துகிறது. அடைமாவிலும் வடைமாவிலும் கலப்பதை எல்லோரும் அறிவார்கள். எறியப்படுகிற நடுத்தண்டையும் முற்றிய இலைகளையும் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் வைத்து அரைத்தால் துவையல் ஆகிறது. இளந்தண்டாக இருந்தால், சிறுவர்கள் அதைப் பச்சையாகவே கேட்டு வாங்கித் தின்பார்கள்.

நம் எல்லைக்கு அப்பாலும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. கோவா என்று வழங்கும் இந்தக் காயை யாழ்ப்பாணத்தார் வறையாக வறுக்கும்போது, வெங்காயமும் மஞ்சளும் தேங்காய்ப்பூவும் சேர்த்து ஈரம் வற்றும்வரை கிளறி, இழை இழையாக உதிர்ந்து நிற்கும்படி எடுத்துவிடுகிறார்கள். குஜராத்திகள் அரிந்த கோஸோடு காரட்டும் பச்சைமிளகாயும் சேர்த்து, கடுகும் பெருங்காயமும் தாளித்த எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி எலுமிச்சை பிழிந்து, சம்பாரோ என்ற பெயரில் தொட்டுக்கொள்கிறார்கள். பாதி பச்சையாகவும் பாதி வெந்ததாகவும் இருக்கிற அந்த நிலையே அதன் அழகு. வங்காளிகள் மட்டும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்த்து நெடுநேரம் வதக்கி, கரம் மசாலாவும் நெய்யும் விட்டு இறக்குகிறார்கள். ஆனால் அங்கேயும் காய் வேகிறது தன்னுடைய நீரிலேதான்.

நெருப்பே படாமல் கோஸைப் பக்குவப்படுத்துகிற முறையும் ஒன்று உண்டு. ஒரு கிலோ கோஸை மெல்லியதாக அரிந்து, இருபது கிராம் உப்பைப் போட்டுப் பிசைந்து, ஊறிய நீரிலேயே அது முழுகும்படி ஜாடியில் அழுத்தி வைத்தால், இலையிலேயே வசிக்கிற நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்கின்றன. நம் ஊர் உஷ்ணத்தில் சில நாள்களே போதும். ஜெர்மானியர் போற்றுகிற இந்த ஊறுகாயை, 1768-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட காப்டன் குக், ஸ்கர்வி என்ற கடல்நோய்க்குப் பரிகாரமாகத் தம் கப்பலில் ஏராளமாக ஏற்றிச் சென்றார். மாலுமிகள் முதலில் தொட மறுத்தார்கள். குக் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதிகாரிகளின் மேஜையில் தினந்தோறும் அதைப் பரிமாறச் செய்து, மற்றவர்கள் விரும்பினால் உண்ணட்டும், இல்லாவிட்டால் விடட்டும் என்று இருந்துவிட்டார். மேலோர் ருசித்து உண்பதைக் கண்ட மாலுமிகள் ஒரு வாரத்துக்குள்ளேயே அதை நாடத் தொடங்க, அளவு கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். குழந்தை கோஸை ஒதுக்குகிறது என்று வருந்தும் பெற்றோர் இதைச் சிந்திக்கலாம். தகப்பனார் ஒதுக்குகிற காயைக் குழந்தை உண்பது துர்லபம்.

வாங்கும்போது பருமனைப் பார்க்காமல் கனத்தைப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரமும், அழுத்தினால் நெகிழாத இறுக்கமும் உள்ளதே நல்ல கோஸ். வைரமுதுகு அந்துப்பூச்சி என்ற சத்துருவுக்கு அஞ்சி உழவர்கள் மருந்து தெளிப்பது உண்டாகையால், மேலிரண்டு இலைகளை நீக்கி, மற்றவற்றைப் பிரித்து ஓடுகிற நீரில் கழுவுவது நல்லது. அரிந்த பிறகு கழுவினால் சத்து போய்விடும்.

நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் சமைக்கிற விடுதி நிர்வாகிகளுக்கும், கல்யாணச் சமையற்காரர்களுக்கும், நம் இல்லத்தரசிகளுக்கும், அவர்களோடு அடுப்படியில் நிற்கக் கடமைப்பட்ட ஆண்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான்: கோஸைக் குக்கரில் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள், வாணலியை நன்றாகக் காயவையுங்கள், ஐந்து நிமிஷத்துக்குள் இறக்கிவிடுங்கள்.