பட்டாவில் இல்லாத பெயர்

தைத் திங்கள் பிறந்துவிட்டால் தில்லிக் குளிரிலும் நம் சங்க மேடையில் உழவு மணக்கத் தொடங்கிவிடுகிறது. உழவனைப் போற்றுகிறோம், ஏரைப் போற்றுகிறோம், காளையைக்கூட மறவாமல் போற்றுகிறோம். உழவன் மனைவிக்கு மட்டும் தனியே ஒரு சொல் வைத்திருக்கிறோம். குலவிளக்கு! சொல் அழகியதுதான், நண்பர்களே. ஆனால் இந்த அழகிய சொல்லைக் கொடுத்துவிட்டு, அவளுக்குக் கொடுக்க வேண்டிய மற்றொன்றை நாம் கொடுக்காமலே இருந்துவிட்டோம் என்பது என் குற்றச்சாட்டு. நான் கேட்பது மிகச் சிறியது. நில ஆவணத்தில் ஒரு பெயர்.

யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசாமல் என் அப்பாயியைப் பற்றியே பேசுகிறேன். திருத்துறைப்பூண்டி வட்டத்தில், காவிரியின் கடைமடையில், பன்னிரண்டு மா நிலம்; ஏறக்குறைய நான்கு ஏக்கர். பதினேழு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள். அன்று முதல் கோழி கூவுமுன் எழுவாள். தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ளி, பால் கறந்து, கழுநீர்த் தொட்டியில் தவிடும் பிண்ணாக்கும் கரைத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போவாள். நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும், யாருக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதெல்லாம் அவள் மனத்தில் இருக்கும். எழுதப் படிக்க அறியாதவள். கணக்கு முழுவதும் பத்தாயத்துக்குப் பின்சுவரில் கரிக்கோடுகளாக இருக்கும். அக்கோடுகளில் ஒன்றுகூடப் பிசகியதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

விதைநெல் பொறுக்குவது அவள் வேலை. நன்றாக முற்றிய கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, பதமாகக் காயவைத்து, நொச்சியிலை போட்டுக் கட்டி வைப்பாள். வேளாண் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் உண்டு, பட்டம் உண்டு. எங்கள் வீட்டில் இதற்கு ‘சும்மா இருக்கிறவள் செய்கிற வேலை’ என்று பெயர்! களத்தில் தூற்றிப் பதர் பிரிப்பதும், அண்டாவில் நெல் அவிப்பதும், அறுவடை முடிந்த வயலில் உளுந்து பறிப்பதும் இதே கணக்கில் சேரும். என் தந்தையாரின் கல்லூரிக் கட்டணம் பால் விற்ற காசில் கட்டப்பட்டது. அந்தக் கல்லூரிப் படிப்பின் பயனாகத்தான் நான் இன்று இந்தப் பல்கலைக்கழக விடுதியில் உட்கார்ந்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் வழக்கமான சூன் 12ஆம் நாளில் திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று. கடைமடைக்கு நிலத்தடி நீரும் உப்பு. மூன்று மா நிலத்தை விற்றுவிடலாம் என்று தாத்தா துணிந்தபோது அப்பாயி மறுத்தாள். காதுத் தோட்டை அடகு வைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி நேரடி விதைப்பாகச் சம்பா போடச் செய்தாள். நிலம் தங்கியது. தோடு திரும்பவில்லை.

வீட்டுக்குள் அவள் அரசி என்பதை நான் மறுக்கவில்லை. சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான். எந்தப் பெண்ணை எங்கே கொடுப்பது, எவ்வளவு நெல்லை விற்பது, எவ்வளவைச் சாப்பாட்டுக்கு நிறுத்துவது எல்லாம் அவள் சொல்லே. ஆனால் இந்த அரசாட்சி வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. 2016இல் தாத்தா காலமானார். பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. நிவாரணம் கேட்டுப் போன அப்பாயியிடம் ஓர் அலுவலகத்தில், “பட்டாதாரரை வரச் சொல்லுங்க” என்றார்களாம். “அவரைக் கூப்புடணும்னா நாந்தாங்க போவணும்” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊரே சிரித்தது. பணம் வரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களை நடத்துவோராகப் பதிவானவருள் பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேர்தாம். நடவுக் காலத்தில் எந்த வயல்வரப்பில் நின்று பார்த்தாலும் இந்தக் கணக்கை நம்ப முடியுமா? 2019இல் நடைமுறைக்கு வந்த, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் உதவித் திட்டமும் நில ஆவணத்தைப் பார்த்தே பணம் கொடுக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்களை, 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு ‘உழைக்காதோர்’ என்று பிச்சைக்காரரோடும் சிறைவாசிகளோடும் ஒரே வரிசையில் வைத்ததை உச்ச நீதிமன்றமே 2010இல் கண்டித்தது. குடந்தையில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் இருந்தபோது, நிலம் யார் பெயரில் இருந்தாலும் பயிர்செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்னும் சான்று தரவேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2013இல் அது காலாவதியாயிற்று. அப்போது பெரிதாக வருந்தியவர் எவரையும் நான் அறியேன்.

சட்டம் அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருடைய சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. எங்கள் நிலம் தாத்தா தாமே வாங்கியது. பங்குக்குரியோர் நால்வர்: அப்பாயி, என் தந்தையார், சித்தப்பா, அத்தை. ஆளுக்கு மூன்று மா. கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் சட்டம் கொடுத்ததை வீடு எப்படித் திரும்ப வாங்குகிறது தெரியுமா? அதற்கென்று ஒரு பத்திரம் இருக்கிறது. பெண்கள் தங்கள் பங்கை ஆண்களுக்கு விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைக்கும் அப்பத்திரத்தின் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

“தாயன்பைப் பங்கு போட்டுப் பார்க்கலாமா? அவள் கணக்குப் பார்த்தா உழைத்தாள்?” என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். அவள் கணக்குப் பார்க்கவில்லை, உண்மை. ஆனால் பங்கு பிரிக்கும் நாளில் பிள்ளைகள் சென்டு கணக்கு வரை பார்க்கிறார்களே! அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு வேண்டாம் என்னும் விதி பெண் பக்கம் மட்டும் எப்படி வந்தது? சித்தப்பா கெட்டவர் அல்லர். தஞ்சையில் வீடு கட்ட நிலத்தை விற்கவேண்டும் என்பது அவர் கவலை. என் தந்தையாரும் அதற்கு இசைந்தே இருக்கிறார். இருவரும் அவளைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தன் நிலத்தில் விளைந்ததை அளந்து கொடுத்தவள், வெற்றிலை வாங்க மகனிடம் காசு கேட்டு நிற்பதைக் ‘காப்பாற்றுதல்’ என்று சொல்ல என் நா எழவில்லை.

அப்பாயியிடமே கேட்டேன். “எனக்கெதுக்கும்மா பேரு? பேரப் பாத்தா நெல்லு வெளையுது?” என்றாள். இதைக் கேட்டு மகிழ்பவர்கள் மகிழட்டும். அறுபதாண்டுகளாக எவரும் அவளிடம் கேட்காத ஒன்றை நான் திடீரென்று கேட்டால் வேறு என்ன சொல்வாள்?

விடுமுறைக்கு ஊர் போகும் தோழர்களும் தோழியரும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து பட்டாவை எடுத்து, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயராயின் வாரிசுச் சான்றுக்கு நீங்களே மனு எழுதுங்கள். கூட்டுப் பட்டாவில் அம்மாவின் பெயரும் ஆச்சியின் பெயரும் ஏறும் வரை விடாதீர்கள். மேடையில் கவிதை படிப்பதைவிட இது கடினம். வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

எங்கள் வீட்டில் விடுதலைப் பத்திரம் முத்திரைத் தாளில் தயாராகி அலமாரியில் இருக்கிறது. அறுவடை முடியட்டும் என்று அப்பாயி தள்ளிப் போட்டிருக்கிறாள். சென்ற வாரம் தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்: “அதுல என்னதான் எழுதியிருக்குன்னு நீ வந்து படிச்சுக் காட்டு. அப்பறம் பாத்துக்கலாம்.” மாசி முதல் வாரத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன்.